தளபதிக்கு ஒரு அத்தியாயம், சிப்பாய்க்கு மூன்று வரி

சென்ற இதழில் எகிப்தின் ஃபீல்டு மார்ஷல் அப்துல் ஹக்கீம் அமரை நடுவானத்தில் விட்டுவிட்டு வந்தோம். 1967 ஜூன் 5, திங்கட்கிழமை காலை. சினாயில் தளபதிகள் காத்திருக்கிறார்கள், அமர் கெய்ரோவிலிருந்து கிளம்பிவிட்டார். அவர் விமானத்தைச் சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாதே என்று விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குச் சுடத் தடை. அந்த நேரம் பார்த்துத்தான் இஸ்ரேல் விமானங்கள் மத்தியதரைக் கடல் அலையை உரசுகிற உயரத்தில் வந்தன. ஜோர்டானின் அஜ்லூன் ராடார் அவற்றைப் பார்த்துவிட்டு ‘இனப்’ (திராட்சை) என்று சங்கேதத்தில் எச்சரித்தது. எகிப்து முந்தின நாள்தான் சங்கேத முறையை மாற்றியிருந்ததால், வந்த செய்தியைப் படிக்க ஆளில்லை. அன்று ஒரே நாளில் எகிப்து இழந்த விமானங்கள் ஏறத்தாழ 300.

இதைப் படித்துவிட்டு, சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் ஒரு மல்லி விவசாயி என்னைப் பிடித்துக்கொண்டார். எடை போட்டு முடித்திருந்தார். தோளில் காலிச் சாக்கு.

“ஏனுங்க, எகிப்து பைலட்டுக எல்லாம் காலைச் சாப்பாட்டுல உக்காந்திருந்த நேரமாப் பாத்து அடிச்சாங்கன்னு போட்டிருந்தீங்ளே, பக்கத்துல நின்னு பாத்தாப்பலயே இருக்குதுங்க. அதெப்புடீங்க தெரியும்?”

வேளை பார்த்து அடித்ததை இஸ்ரேல்காரர்களே சொல்லியிருக்கிறார்கள் என்றேன். விடியற்காலை ரோந்து முடிந்து எகிப்து விமானங்கள் இறங்கியிருக்கும், நைல் கரையில் மூடுபனி விலகியிருக்கும், அதிகாரிகள் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு வழியில் இருப்பார்கள். இப்படிக் கணக்குப் போட்டுத்தான் இஸ்ரேல் நேரப்படி 7.45 மணியைக் குறித்தார்கள்.

“செரீங்க. எகிப்துக்காரன் பக்கம் என்ன பேசிக்கிட்டாங்கன்னு ஆரு எழுதுனாங்க?”

இந்த இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. தொடரைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, இந்த இதழை அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

அரபு – இஸ்ரேல் போர்களைப் பற்றி நாவல் போல ஓடுகிற வரலாற்று நூல்களுக்குப் பஞ்சமே இல்லை. 1948 போரை லாரி காலின்ஸும் டொமினிக் லாப்பியரும் ‘ஓ ஜெருசலேம்’ என்று 1972இல் எழுதினார்கள். இந்த இரட்டையரை ‘நள்ளிரவில் சுதந்திரம்’ வழியாகத் தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். 1967 போர் முடிந்த சூட்டோடு, அந்த ஆண்டே, வின்ஸ்டன் சர்ச்சிலின் மகனும் பேரனும் சேர்ந்து ஒரு புத்தகம் போட்டுவிட்டார்கள். தமிழில் பா.ராகவன் ‘நிலமெல்லாம் ரத்தம்’ என்று பத்திரிகைத் தொடராகவே எழுதினார். 1967இன் அந்த ஆறு நாள் போருக்கு என்று எடுத்தால், மைக்கேல் ஓரன் 2002இல் எழுதிய நூல்தான் பெரிது. நாளுக்கு ஒரு அத்தியாயமாகப் போகும். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

ஆனால் அந்த வேகத்துக்குப் பெட்ரோல் எங்கிருந்து வருகிறது? இஸ்ரேலில் அரசு ஆவணங்களை 30 ஆண்டு கழித்துத் திறந்துவிடுவது வழக்கம். அமைச்சரவையில் யார் தயங்கினார், யார் மேசையைத் தட்டினார் என்பதெல்லாம் ஓரனுக்குக் காகிதத்தில் கிடைத்தது. கெய்ரோவின், டமாஸ்கஸின் அலமாரிகள் பூட்டியே கிடக்கின்றன. அங்கே கிடைப்பது தளபதிகள் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகள். தோற்ற தளபதி எழுதினால் பாதிக்கு மேல் தன் மீது பழி வராமல் பார்த்துக்கொள்ளும் வேலையாகத்தான் இருக்கும். அமர் அதைக்கூட எழுதவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வீட்டுக் காவலில் இறந்தார். தற்கொலை என்றது அரசு, இல்லை என்றது குடும்பம். ஆகவே நூல்களில் இஸ்ரேல் அமைச்சர் உயிரும் சதையுமாக நடமாடுகிறார், எகிப்துத் தளபதி தூரத்தில் நிழலாகத் தெரிகிறார். ஓரன் இஸ்ரேல் ராணுவத்தில் பாராசூட் வீரராக இருந்தவர், பிற்பாடு அமெரிக்காவில் இஸ்ரேலின் தூதராகவும் போனவர். அதற்காக அவர் பொய் எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். அரபுமொழி நூல்களையும் தேடிப் படித்தவர். கையில் காகிதம் இருக்கிற பக்கம் கதை தானாகவே சாய்ந்துவிடுகிறது.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கதை இன்னும் மோசம். அவர்கள் நம்மவர்கள்.

1956 சூயஸ் சண்டைக்குப் பிறகு ஐ.நா. அமைதிப்படை ஒன்று எகிப்து – இஸ்ரேல் எல்லையில் நின்றது. இஸ்ரேல் தன் மண்ணில் இடம் தரவில்லை, அதனால் முழுக்க எகிப்துப் பக்கம். காஸாவில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் எல்லைக்கோடு. பகலில் காவல் சாவடி, இரவில் ரோந்து. பத்தாண்டுகளாக இந்தியச் சிப்பாய்கள் அந்த மணலில் நடந்தார்கள். 1967இல் அந்தப் படைக்குத் தளபதியே ஓர் இந்தியர்தான், மேஜர் ஜெனரல் இந்தர்ஜித் ரிக்கி.

மே 16 இரவு காஸாவில் நடந்தது எந்த நாவலாசிரியருக்கும் நாக்கில் நீர் ஊறவைக்கிற காட்சி. எகிப்தின் பிரிகேடியர் மொக்தார், ராணுவத் தலைமைத் தளபதி ஃபவ்ஸியின் கடிதத்தோடு ரிக்கி முன்னால் வந்து நிற்கிறார். ஐ.நா. படை எல்லையை விட்டு விலக வேண்டும், முக்கியமான இடங்களை இன்று இரவே காலி செய்ய வேண்டும். ரிக்கி அசரவில்லை. எனக்கு உத்தரவு போட வேண்டியவர் நியூயார்க்கில் இருக்கும் பொதுச்செயலாளர், அவரைக் கேட்காமல் நான் ஒரு அடி நகர முடியாது என்றார். 18ஆம் தேதி பொதுச்செயலாளர் ஊ தாண்ட் விலகச் சம்மதித்தார். 22ஆம் தேதி, இஸ்ரேலின் செங்கடல் வாசலான திரான் ஜலசந்தியை அதன் கப்பல்களுக்கு மூடுவதாக எகிப்து அதிபர் நாசர் அறிவித்தார். அதற்குப் பிறகு போர் வருமா என்று யாரும் கேட்கவில்லை, என்றைக்கு என்றுதான் கேட்டார்கள். ரிக்கி பின்னாளில் எழுதிய நூலின் தலைப்பே ‘சினாய் பிளண்டர்’ (சினாய்ப் பெரும்பிழை).

அந்தப் படையில் இருந்த கனடா வீரர்கள் மே மாதக் கடைசியிலேயே விமானம் ஏறிவிட்டார்கள். கனடாவின் பேச்சு பிடிக்காமல், உடனே வெளியேறச் சொல்லி எகிப்தே விரட்டியது. அது அவர்களுக்கு நல்லதாகப் போயிற்று. இந்தியப் படைப்பிரிவு ஊர் திரும்பும் ஏற்பாடு முடியாமல் காஸாவிலேயே இருந்தது.

ஜூன் 5. காஸாவிலிருந்து ரஃபா போகும் சாலை, கான் யூனுஸுக்குச் சற்றுத் தெற்கே. ஐ.நா. வாகனங்கள் வரிசையாகப் போகின்றன. விமானத்திலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரியட்டும் என்று எல்லாவற்றுக்கும் வெள்ளை வண்ணம். இஸ்ரேல் விமானங்கள் தாழ்ந்து வந்து சுட்டன. மூன்று இந்திய வீரர்கள் அங்கேயே இறந்தார்கள். இந்திய முகாம்கள் மீதும் குண்டுகள் விழுந்தன. சண்டை ஓய்வதற்குள் இறந்த இந்தியர் எண்ணிக்கை பத்தைத் தாண்டியது. வாகனங்கள் சுடப்பட்ட மறுநாளே இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் இதைக் கண்டித்தார்.

நான் படித்த விறுவிறுப்பான நூல்களில் இந்த நிகழ்ச்சிக்குக் கிடைத்த இடம் மூன்று வரிக்கு மேல் இல்லை. முதலில் சுடப்பட்ட வண்டியில் யார் இருந்தார், ஊருக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் என்ன இருந்தது, ஒன்றும் கிடையாது. டெல் அவிவ் அமைச்சர் இரவு தூங்காமல் புரண்டது மட்டும் அரைப் பக்கம்.

அதே நேரம் நியூயார்க்கில் இன்னொரு இந்தியர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஜி.பார்த்தசாரதி, ஐ.நா.வில் நம் தூதர், ‘தி இந்து’வில் உதவி ஆசிரியராக இருந்த தமிழர். அந்த ஆண்டு பாதுகாப்புக் கவுன்சிலில் இந்தியாவும் உறுப்பினர். சண்டையை நிறுத்து என்று மட்டும் சொன்னால் போதாது, படைகள் ஜூன் 4 அன்று இருந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது இந்தியாவின் நிலை. அது ஏறவில்லை, 6ஆம் தேதி வெறும் போர் நிறுத்தத் தீர்மானம் நிறைவேறியது. அன்று விடுபட்ட அந்தச் சொற்களுக்காக இன்றுவரை சண்டை நடக்கிறது. பார்த்தசாரதியையும் அந்த நூல்கள் ‘இந்தியப் பிரதிநிதி’ என்று ஒரு சொல்லில் தாண்டிப் போகிற இடங்கள் உண்டு.

பூ மார்க்கெட் நண்பருக்கு இன்னொன்றும் சொன்னேன். அவர் நின்ற ஊரும் போர்க்களம்தான். 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் கெஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கிவந்து, சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் படையை மடக்கினார். ஃபிளாய்டு பீரங்கிகளில் சிலவற்றைக் கைவிட்டுவிட்டுக் கோவைப் பக்கம் பின்வாங்கினார். துரத்திப்போன திப்புவின் மைத்துனர் புர்ஹானுதீன் அந்தச் சண்டையில் இறந்தார். கணவாயின் அடிவாரத்தில் இருந்த டணாயக்கன் கோட்டை இன்று பவானிசாகர் தண்ணீருக்கு அடியில். இவ்வளவும் நமக்குப் பெரும்பாலும் யார் வழியாகத் தெரிகிறது? மார்க் வில்க்ஸ் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி எழுதிவைத்ததால்.

“அப்ப ஆத்தோரம் வெள்ளாம வச்சிருந்தவன் என்ன ஆனானுங்க?” என்றார் அவர். வில்க்ஸ் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த இதழில் 1973 அக்டோபர் 6. எகிப்துப் படை சூயஸ் கால்வாயைக் கடக்கிறது. இந்த முறை அந்தப் பக்கத்திலிருந்தும் நமக்கு ஒரு சாட்சி உண்டு: கடக்கும் திட்டத்தைத் தீட்டிய தலைமைத் தளபதி சாதுத்தீன் ஷாஸ்லி. நடந்ததைப் புத்தகமாக எழுதினார். ராணுவ ரகசியத்தை வெளியிட்டார் என்று சொந்த நாடே அவரைச் சிறையில் போட்டது.