சிறு லேத்தில் ஸ்பிண்டில் பேரிங் சரிசெய்தல்

வீட்டுப் பட்டறைக்கான சிறு உலோக லேத்தில், சக் பூட்டிய ஸ்பிண்டில், அதைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கின் முன்னும் பின்னும் உள்ள பேரிங்குகளில் நின்று சுழல்கிறது. அவற்றின் ஆட்டத்தை நீக்கி, அதே சமயம் ஸ்பிண்டில் சூடேறி இறுகாதபடி அளவு பார்த்து அமைப்பதே இந்த வேலை. பேரிங் எந்த வகை என்பதைப் பொறுத்து முறை மாறும். முதலில் பேரிங்கில் ஆட்டம் உண்மையிலேயே இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வது எல்லா வகைக்கும் பொது.

கடைந்த பரப்பில் அதிர்வு வரிகள் விழுந்ததுமே பேரிங்கை இறுக்கும் நட்டை முறுக்கத் தொடங்குபவர்கள் உண்டு. பெரும்பாலும் கோளாறு வேறிடத்தில் இருக்கும்: ஸ்லைடுகளின் ஆட்டத்தைச் சரிசெய்யும் பட்டையான ஜிப் தளர்ந்திருக்கலாம், டூல் பிடிப்பானுக்கு வெளியே அதிகம் நீண்டிருக்கலாம், அதன் முனை மைய உயரத்தில் இல்லாதிருக்கலாம். கடைந்த உருளை ஒரு முனையில் பருத்தால் ஹெட்ஸ்டாக்கின் நேரமைப்பையும், கம்பி நெடுந்தொலைவு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சக்கில் பிடித்த கம்பி வட்டம் தப்பிச் சுற்றினால் சக்கின் தாடைகள்தான் முதல் சந்தேகத்துக்குரியவை.

சோதனைக்கு டயல் கேஜின் முனையைச் சக்கின் மேல் வைக்காமல், ஸ்பிண்டில் மூக்கின் கடைந்த பரப்பில் வைக்க வேண்டும். கேஜின் அடித்தளம் ஹெட்ஸ்டாக்கின் மேலேயே நிற்பது நல்லது. பெட்டின் மேல் வைத்தால் ஹெட்ஸ்டாக் வளைவதும் சேர்ந்தே அளவில் தெரியும். சக்கில் ஒரு மரக்கட்டையைப் பிடித்து, அதை மேலும் கீழும் நெம்பிப் பார்க்கலாம். லேசாகத் தள்ளியதும் முள் சட்டென நகர்ந்து நின்றுவிட்டால் அது ஆட்டம். அழுத்தம் கூடக் கூட முள்ளும் சிறிது சிறிதாக நகர்ந்து, கையை எடுத்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பினால் அது இரும்பின் இயல்பான வளைவு. எந்த நட்டாலும் அதைப் போக்க முடியாது. கேஜை மூக்கின் முகப்பில் வைத்து, ஸ்பிண்டிலை முன்னும் பின்னும் தள்ளினால் நீளவாட்ட ஆட்டமும் தெரிந்துவிடும்.

சீனாவின் ஸீக் நிறுவனத்தின் சி3 போன்ற மினி லேத்துகளில் பொதுவாக 6206 எண் பால் பேரிங்குகள் இரண்டு இருக்கும். உள்விட்டம் 30 மி.மீ., வெளிவிட்டம் 62 மி.மீ., அகலம் 16 மி.மீ. பலர் இவற்றை எடுத்துவிட்டு, அதே விட்டங்கள் கொண்ட 30206 டேப்பர் ரோலர் பேரிங்குகளைப் போடுகிறார்கள். டேப்பர் பேரிங்கின் அகலம் 17.25 மி.மீ. என்பதால் இரண்டும் சேர்ந்து 2.5 மி.மீ. கூடுதல் இடம் கேட்கும். அதற்கேற்பக் குட்டையான இடைவளையம் ஒன்றைக் கடைந்துகொள்ள வேண்டும். லேத்தைப் பிரிப்பதற்கு முன்பே இதை முடித்துக்கொள்ளாதவருக்கு, பிறகு கடைய லேத் இருக்காது. பழைய ஸ்பிண்டிலை வெளியே எடுக்கச் சுத்தியலால் அடித்தால் பேரிங்கின் ஓடுபாதையில் குழி விழும். திருகுக்கம்பியும் வாஷரும் கொண்டு இழுப்பதே முறை.

டேப்பர் பேரிங்கில் ஆட்டம் பூஜ்யமாவதோடு வேலை முடிவதில்லை. எல்லா உருளைகளும் சுமையைப் பகிர்ந்துகொள்ள, அதற்கு மேலும் சிறிது முன்னழுத்தம் வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்து, பெல்ட்டையும் பல்சக்கரங்களையும் விடுவித்து, ஸ்பிண்டிலைக் கையால் சுழற்றிக்கொண்டே பின்பக்க நட்டை இறுக்க வேண்டும். சுழலும்போதுதான் உருளைகள் தம் இடத்தில் அமரும். புரியிடை 1.5 மி.மீ. உள்ள நட்டில் 5 பாகை திருப்பினாலே பேரிங் ஏறக்குறைய 0.02 மி.மீ. நகர்ந்துவிடும். கால் சுற்று, அரைச் சுற்று என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. பூட்டு நட்டை இறுக்கும்போது அமைத்த அளவு கலைவது வழக்கம் என்பதால், பூட்டிய பிறகு கேஜை மறுபடியும் பார்ப்பது கட்டாயம்.

அடுத்து நடுத்தர வேகத்தில் அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஹெட்ஸ்டாக் இளஞ்சூடாவது இயல்பு. முன் பேரிங்கின் மேல் கை வைத்திருக்க முடியாத அளவு சூடேறினால் நட்டைச் சற்றுத் தளர்த்த வேண்டும். அருகருகே அமைந்த டேப்பர் பேரிங்குகளில் சூட்டால் ஸ்பிண்டில் பருப்பது, அது நீள்வதைவிட மேலோங்கும். எனவே குளிர்ந்திருக்கையில் சரியாக இருந்த இறுக்கம் ஓட ஓடக் கூடும். அதிவேகத்தில் நெடுநேரம் வேலை செய்பவர்களுக்கு டேப்பரைவிட லேசாகச் சுழலும் கோணத் தொடர்பு பால் பேரிங், 7206, பொருத்தமானது. மினி லேத்தின் சிறிய மோட்டாருக்கும் அது சுமையைக் குறைக்கும்.

புஷ் வகைப் பேரிங்குகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இங்கிலாந்தில் நாட்டிங்காம் அருகே பீஸ்டனில் இயங்கிய மைஃபோர்டு நிறுவனத்தின் எம்எல்7 லேத்தில், ஸ்பிண்டில் வெள்ளை உலோகப் பேரிங்கில் சுழல்கிறது. அதன் மேல்மூடிக்கு அடியில் இருபுறமும் அடுக்குத் தகடுகளாலான சிம் இருக்கும். ஆட்டம் கூடினால் இருபுறமும் ஒரே அளவில் மெல்லிய அடுக்குகளை உரித்து, மூடியை மறுபடி இறுக்க வேண்டும். இங்கே முன்னழுத்தம் கூடவே கூடாது. எண்ணெய்ப் படலத்துக்கான இடைவெளி மிஞ்ச வேண்டும். அது அடைபட்டால் மென்மையான வெள்ளை உலோகம் வழித்தெடுக்கப்பட்டுவிடும்.

அதே நிறுவனத்தின் சூப்பர் 7 இரு வழிகளையும் கலக்கிறது: முன்னே கூம்பு வடிவ வெண்கல புஷ், பின்னே எதிரெதிராக அமைந்த இரண்டு கோணத் தொடர்பு பால் பேரிங்குகள். ஸ்பிண்டிலைப் பின்னோக்கி இழுத்தால் கூம்பு புஷ்ஷுக்குள் ஆழமாக இறங்கி முன்புற இடைவெளி குறையும். அந்த நிலையைப் பின்பக்க வளையங்கள் பிடித்துக்கொள்ளும். கூம்பு பிடித்து நிற்கும் வரை இழுத்து, பின் எண்ணெய்க்கு இடம் கிடைக்கும் அளவுக்கு மிகச் சிறிது முன்னே தள்ளிப் பூட்டுவது இதன் முறை.