பதிவேட்டில் உறங்கிய மருந்து

பெனிசிலினின் வரலாற்றைக் கூறுவோர், 1928இல் இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் பூஞ்சணத்தின் ஆற்றலைக் கண்டதையும், 1941இல் ஒக்ஸ்போர்டில் அம்மருந்து நோயாளருக்கு ஊசிமூலம் ஏற்றப்பட்டதையும் தவறாது குறிப்பர். இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்ததொன்றைப் பலர் அறியார். பெனிசிலினால் குணமானதாகப் பதிவேட்டுச் சான்றுள்ள முதல் நோய், ஒரு பச்சிளங் குழந்தையின் கண்ணோயேயாகும்.

தாயிடமுள்ள கொனோரியாப் பற்றீரியா, பிறக்கும் வேளையிற் குழந்தையின் கண்ணைத் தொற்றுவதுண்டு. இமைகள் வீங்கும், சீழ் வடியும், கருவிழி புண்ணாகிப் பார்வையே அழியவுங்கூடும். லீப்சிக் நகரின் மகப்பேற்று மருத்துவர் கார்ல் கிரெடே, 1880இல் பிறந்த குழந்தைகளின் கண்களில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் துளியாக இட்டு இந்நோயைத் தடுக்கும் முறையைத் தொடங்கினார். தடுக்கும் வழி பிறந்தது. ஆயினும் வந்த நோயை உறுதியாகத் தீர்க்கும் மருந்து கிட்டவில்லை.

1930 நவம்பரில், செபீல்ட் நகரில் சிசில் பெயின் என்னும் இளம் நோயியலாளர், தம் ஆசிரியரான பிளெமிங்கிடமிருந்து பெற்ற பூஞ்சணத்தை வளர்த்து, அதன் வடிநீரை இத்தகைய குழந்தையொன்றின் கண்களில் இட்டார். நோய் நீங்கியது. எனினும் பூஞ்சணம் எப்போதும் ஒரே வீரியத்துடன் மருந்தைத் தரவில்லை. பெயின் வேறு ஆய்வை நாடினார். தாம் கண்டதைக் கட்டுரையாக வெளியிடவில்லை. 1932இல் செபீல்டிற் பேராசிரியரான ஹவார்ட் புளோறியிடம் அதனைக் கூறியதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். புளோறி ஒக்ஸ்போர்டிற் பெனிசிலின் ஆய்வில் இறங்கியதோ அப்பத்தாண்டின் இறுதியிலேயே. பெயினின் குறிப்புகளை ஆய்வாளர் வெளிக்கொணர்ந்தது 1980களிலாகும்.

பின்னர் வந்த நுண்ணுயிர்கொல்லிகள் கண்ணுக்குரிய களிம்புகளாயின. துளிமருந்தைக் கண்ணீர் விரைவிற் கழுவிவிடும்; எண்ணெய்ப்பசையிற் கலந்த மருந்தோ இமையினுள்ளே நெடுநேரம் தங்கும். 1 சதவீதத் தெற்றாசைக்கிளின், 0.5 சதவீத எரித்ரோமைசின் ஆகிய களிம்புகள், பிறந்த குழந்தைகளின் கண்காப்பாக இன்று உலக சுகாதார நிறுவனத்தாற் பரிந்துரைக்கப்படுகின்றன. கொனோரியாக் கண்ணோய் வந்துவிட்டாற் களிம்பு மட்டும் போதாது, ஊசிமருந்தும் வேண்டும். வைரசால் வருங் கண்ணோய்க்கு இக்களிம்புகள் பயன்படா.

கிரெடே தம் முறையை எழுதி வெளியிட்டார். அது நாடுகள் தோறும் பரவியது. பெயினின் வெற்றியோ ஐம்பதாண்டு பதிவேட்டில் உறங்கியது. முற்றுப்பெறாத முயற்சியாயினும், கண்டதை எழுதிவைத்தல் ஆய்வாளன் கடன். அக்கடன் தவறுமிடத்து இழப்பு அவனுக்கு மட்டுமன்று. அவன் காணாத குழந்தைகளின் கண்களுக்குமாகும்.