கேட்கப்படாத யானை

ஒரு நாட்டை நாடாக்குவது அதன் எல்லையா, பிற அரசுகளின் ஏற்பா? புதுக்கோட்டை வரலாற்றை வாசிக்கையில் நாம் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் கேள்வி இது.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழவன் சேதுபதி தம் மைத்துனர் இரகுநாதத் தொண்டைமானுக்கு அளித்த நிலப்பகுதி, இராமநாதபுரத்திலிருந்து மெல்ல விலகித் தனியரசாயிற்று. வலியோர் சூழ்ந்த அச்சிறு நாட்டுக்குப் படையைவிட நட்பே அரண். 1751-52இல் திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது ஆங்கிலேயருக்கும் முகமது அலிக்கும் துணை நின்றது. 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தது. அப்பழி இன்றும் நீங்கவில்லை.

நட்புக்குப் பலன் கிடைத்தது. 1803இல் கீழாநிலைக் கோட்டையைக் கும்பினி வழங்கியபோது, ஆண்டுக்கு ஒரு யானை திறையாகத் தரவேண்டும் என்பது நிபந்தனை. அந்த யானை கேட்கப்படவே இல்லை. 1836இல் நிபந்தனையும் நீங்கியது. அம்மன் காசு என்ற சொந்த நாணயமும் புழங்கியது.

எனினும் 1915இல் மன்னர் மார்த்தாண்ட பைரவர் ஆஸ்திரேலியரான மோலி ஃபிங்கை மணந்தபோது, அவரை அரசியாக ஏற்க ஆங்கில அரசு மறுத்தது. மகனுக்கும் அரியணை கிட்டவில்லை. 1948 மார்ச் 3இல் சமஸ்தானமே இந்தியாவுடன் இணைந்தது.

யானையைக் கேட்காமல் விட்டவர்களே அரசியையும் ஏற்காமல் விட்டார்கள். பிறர் தயவில் நிற்கும் அரசுக்குச் சலுகையும் மறுப்பும் ஒரே கையிலிருந்துதான் வருகின்றன.