பார்வையிழந்த செயலாளர்

இங்கிலாந்தில் முடியாட்சி வீழ்ந்த 1649ஆம் ஆண்டில், கவிஞர் ஜோன் மில்டன் அரசாங்க சபையின் பிறமொழிச் செயலாளரானார். அந்நிய அரசுகளுக்கு இலத்தீனில் கடிதம் வரைவது அவர் கடமை. 1652இல் அவருடைய இரு கண்களும் முற்றாக ஒளியிழந்தன. எழுத்தையே தொழிலாகக் கொண்டவருக்கு இதனினும் பேரிடி வேறுண்டோ?

ஆயினும் அவர் பதவி துறந்தாரல்லர், குறையை மறைத்தாருமல்லர். 1653 பெப்ரவரியில், சபையின் முன்னாள் தலைவர் ஜோன் பிராட்ஷோவுக்கு எழுதி, தமக்குத் துணையாக அன்ட்ரூ மார்வெலை அமர்த்தலாமெனப் பரிந்துரைத்தார். இரக்கம் வேண்டிய கடிதமன்று அது. மார்வெல் நான்கு ஆண்டுகள் வெளிநாடுகளில் வாழ்ந்து நான்கு மொழிகள் கற்றவரென்று தகுதியை எடுத்துரைத்த கடிதம். சபையோ பிலிப் மெடோஸ் என்பவரை அமர்த்திற்று. மார்வெல் வந்து சேர்ந்தது 1657இல்தான். இடையே 1655இல், 288 பவுணாயிருந்த மில்டனின் ஆண்டுச் சம்பளத்தை 150 ஆகக் குறைக்க ஆணை பிறந்தது. துணை கொடுத்த கையே ஊதியத்தையும் குறைத்தது போலும்! வாயாற் சொல்லி எழுதுவித்து, 1659 வரை அவர் அப்பணியை ஆற்றினார்.