உயரமும் உரிமையும்: லா பாஸ் எர்னாந்தோ சீலெஸ் கால்பந்தரங்கம்

கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்வராயன் மலையின் உயர்ந்த பகுதிகள் ஏறத்தாழ 4,000 அடி. அதைப்போல் மும்மடங்கு உயரத்தில், சுமார் 3,600 மீட்டரில், பொலிவியாவின் லா பாஸ் நகரில் எர்னாந்தோ சீலெஸ் அரங்கம் அமைந்துள்ளது. 1930இல் திறக்கப்பட்ட இது அக்காலக் குடியரசுத் தலைவரின் பெயரைத் தாங்கியது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே சமவெளியிலிருந்து வருவோர்க்கு விரைவில் மூச்சு வாங்கும். 1993இல் பொலிவியா இங்குப் பிரேசிலை 2-0 என வென்றது. உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றில் பிரேசில் கண்ட முதல் தோல்வி அது.

2007 மே மாதம், 2,500 மீட்டருக்கு மேல் பன்னாட்டுப் போட்டிகள் கூடா என ஃபிஃபா தடை விதித்தது. வீரர் உடல்நலமே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் கடும் வெப்பத்தில் ஆடுவதற்கு அத்தகைய தடை இல்லை என்பது கருதத்தக்கது. பிறந்த மண்ணில் ஆடும் உரிமை பறிக்கப்படுவதாகக் குடியரசுத் தலைவர் ஏவோ மொராலெஸ் எதிர்த்தார். அடுத்த மாதமே வரம்பு 3,000 மீட்டராக உயர்த்தப்பட்டு, லா பாஸுக்கு விலக்கும் தரப்பட்டது. 2008 மே மாதம் தடையே நிறுத்திவைக்கப்பட்டது. அதற்குச் சற்று முன் மரடோனா இவ்வரங்கில் ஆடித் தடைக்கு எதிர்ப்புத் தெரிவித்திருந்தார். 2009 ஏப்ரலில் அவர் பயிற்றுவித்த அர்ஜென்டினா இதே திடலில் 6-1 எனத் தோற்றது. அப்போதும் அவர் உயரத்தைக் குறைகூறவில்லை.