வாம்பயர்: நமது கடலில் கிடக்கும் நாசகாரி

சில ஆண்டுகளுக்கு முன்னர் அவுஸ்திரேலியாவில் வாழும் மகளின் குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தபோது, மருமகன் என்னைச் சிட்னியின் டார்லிங் துறைமுகத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தின் துறைமேடையில் சாம்பல் நிறப் போர்க்கப்பல் ஒன்று நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கிறது. பெயர் 'வாம்பயர்'. இரத்தக் காட்டேரி என்று பொருள் சொன்னதும் பேரன் துள்ளிக் குதித்தான். எனக்கோ சாய்ந்தமருதுக் கடற்கரையும், அங்கே கரைவலை இழுத்த ஒரு முதியவரின் முகமும் நினைவுக்கு வந்தன.

சிட்னியில் நிற்பது 1959 இல் சேவைக்கு வந்த இரண்டாவது வாம்பயர். அதற்குப் பெயர் கொடுத்த முதலாவது வாம்பயர் 1942 ஏப்ரல் 9 முதல் நமது கிழக்கிலங்கைக் கடலுக்கு அடியில் கிடக்கிறது.

அந்தக் கப்பல் வேறொரு போருக்காகக் கட்டப்பட்டது. இங்கிலாந்தின் கவ்ஸ் நகரக் கப்பற்பட்டறையில் 1916 இல் வேலை தொடங்கி, 1917 இல் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்தது. முதலில் 'வொலஸ்' என்று பெயரிட எண்ணியிருந்தார்கள். பின்னர்தான் இந்தப் பேய்ப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. 312 அடி நீளம். வேகம் அதிகம், கவசம் இல்லை. நீர்மூழ்கிகளையும் டோர்பிடோப் படகுகளையும் விரட்டுவதே அக்காலத்து நாசகாரிகளின் வேலை. வானத்திலிருந்து வரும் ஆபத்தை அவற்றை வரைந்தவர்கள் பெரிதாக எண்ணியிருக்கவில்லை.

1933 இல் ஸ்ருவர்ட், வென்டெட்டா, வோயேஜர், வோட்டர்ஹென் ஆகிய நான்கு பழைய கப்பல்களுடன் இதுவும் அவுஸ்திரேலியாவுக்குக் கைமாறியது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஐந்தும் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பப்பட்டன. ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் அவற்றைப் பழைய இரும்புக் குவியல் என்று எள்ளி நகையாடியதாகச் சொல்வார்கள். மாலுமிகள் அந்த ஏளனத்தையே பட்டமாகச் சூட்டிக்கொண்டனர். 1940 இல் கலாப்ரியாக் கடற்சமர், 1941 இல் கிரேக்கத்திலிருந்து படைகளை மீட்டெடுத்தல் என்று அந்தப் பழைய இரும்பு ஓயாமல் உழைத்தது.

இனித்தான் கதை நம்முடைய பக்கம் திரும்புகிறது. பழுதுபார்ப்புக்காகச் சிங்கப்பூர் வந்த வாம்பயர், 1941 டிசம்பரில் 'பிரின்ஸ் ஒப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்னும் இரு பெருங்கப்பல்களுக்குத் துணையாகச் சென்ற நான்கு நாசகாரிகளுள் ஒன்று. டிசம்பர் 10 ஆம் திகதி மலாயாவின் குவாந்தானுக்கு அப்பால், விமானப் பாதுகாப்பு எதுவுமின்றி நின்ற அவ்விரு கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. ஏறத்தாழ 840 பேர் மாண்டனர். உதவிக்கு அழைக்கப்பட்ட போர்விமானங்கள் எல்லாம் முடிந்த பிறகே வந்து சேர்ந்தன. எண்ணெய் படிந்த கடலிலிருந்து 225 பேரைத் தூக்கி எடுத்தது வாம்பயர்.

அடுத்த மாதம் எண்டாவ் முகத்துவாரத்துக்கு அப்பால் இரவுச் சண்டை ஒன்று. உடன் சென்ற 'தானெட்' மூழ்கியது, வாம்பயர் தப்பியது. பிறகு இலங்கைக்கு வந்தது.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்த இலக்கு திருகோணமலை என்பது தெரிந்ததும், 8 ஆம் திகதி இரவு துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியேற்றினார்கள். 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அதற்குக் காவலாக வாம்பயரும் கரையோரமாகத் தெற்கு நோக்கி வந்தன. விமானந்தாங்கிக் கப்பல் என்றுதான் பெயர். அன்று ஹேர்மிஸின் மேற்றளத்தில் ஒரு விமானமும் இருக்கவில்லை. அதன் விமானங்கள் சீனன்குடாத் தளத்தில் தரையில் நின்றன! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலே மிஞ்சுகிறது.

வியாழக்கிழமை காலை ஜப்பானிய வேவு விமானம் இரு கப்பல்களையும் கண்டுவிட்டது. விமானப் பாதுகாப்பைப் பெறுவதற்காகத் திருகோணமலைக்குத் திரும்புமாறு கட்டளை வந்தது. அவை வடக்கே முகம் திருப்பிப் போய்க்கொண்டிருந்தபோது சுமார் 85 குண்டுவீச்சு விமானங்கள் வந்து கவிந்தன. ஹேர்மிஸ் சில நிமிடங்களில் மூழ்கியது; கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தனர். அடுத்து வாம்பயரின் முறை. அடுத்தடுத்து விழுந்த குண்டுகளில் கப்பல் இரண்டாகப் பிளந்து போயிற்று. அதன் தளபதி மொரானும் மாலுமிகள் எழுவரும் உயிரிழந்தனர். அண்மையில் சென்றுகொண்டிருந்த 'வீட்டா' என்ற மருத்துவக் கப்பல் இரு கப்பல்களிலிருந்தும் தப்பிய சுமார் 590 பேரைக் காப்பாற்றியது. சிலர் நீந்தியே கரை சேர்ந்தனர். இரத்மலானையிலிருந்து கிளம்பிய பிரித்தானிய விமானங்கள் வந்தபோது ஹேர்மிஸ் கடலின் மேல் இல்லை. குவாந்தானில் நடந்தது நான்கு மாதங்களில் மறுபடியும் நடந்தது. இரண்டு இடத்திலும் வாம்பயர் இருந்தது.

இந்நிகழ்ச்சியை எழுதும் நூல்கள் எல்லாம் 'மட்டக்களப்புக்கு அப்பால்' என்றே எழுதுகின்றன. அது பிழையல்ல. அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் பிரிக்கப்பட்டது. அதற்கு முன்னர் கல்முனையும் மட்டக்களப்பு மாவட்டமே. ஆனால் அன்று ஹேர்மிஸுக்குப் பின்னர் 'ஹொலிஹொக்' என்ற சிறு காவற்கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. அதற்குப் பதிவாகியுள்ள இடம் மட்டக்களப்புக்குத் தென்தென்கிழக்கே ஏறத்தாழ 30 கடல் மைல். நிலப்படத்தில் அளவுகோலை வைத்துப் பாருங்கள்: காரைதீவுக்கும் நிந்தவூருக்கும் நேர் கிழக்கே வருகிறது!

நான் சொன்ன முதியவரிடம் வருகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் மீனவர் பிரச்சினை ஒன்றைப் பற்றி எழுதச் சாய்ந்தமருதுக்குப் போயிருந்தேன். பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார்: "சின்ன வயசில, தம்பி, வலை இழுத்துக்கிட்டு நிக்கக்குள்ள வடக்கால இடி முழங்கின மாதிரிக் கேட்ட. வானம் வெளிச்சமாக் கிடக்கு, மழைக்கோலம் ஒண்டுமில்ல. பிறகு லுஹருக்குக் கிட்ட நேர் கிழக்கால இன்னும் பெரிய சத்தம். பெரியாக்கள் வலையை விட்டுட்டுக் கலிமா சொல்லத் தொடங்கிட்டாங்க."

முதலில் வடக்கே, பின்னர் நேர் கிழக்கே. ஹேர்மிஸும் வாம்பயரும் முதலில், ஹொலிஹொக் பின்னர். பள்ளிக்கூடம் போகாத ஒரு மனிதர், கடற்படை ஆவணங்களைக் காணாமலே, வரிசையைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். அன்று எனக்கு அந்த வரிசை தெரியாது. நாற்பது ஆண்டுக்கு முந்திய சத்தம் என்று குறிப்பேட்டில் மூன்று வரி எழுதிக்கொண்டு வந்தேன். கட்டுரையில் சேர்த்தபோது பத்திரிகை ஆசிரியபீடம் இடமில்லை என்று வெட்டியது; நானும் வற்புறுத்தவில்லை.

2004 டிசம்பர் 26 ஆம் திகதிக்குப் பிறகு அந்தக் கரைக்குப் போனேன். அவர் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். அவருடைய வீடு இருந்த வரிசையில் அத்திவாரக் கற்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. உறவினர் ஒருவரைத் தேடிப்பிடித்து, 1942 ஆம் ஆண்டு கேட்ட சத்தத்தைப் பற்றி அவர் ஏதேனும் சொன்னதுண்டா என்று விசாரித்தேன்.

"அப்படி ஒரு கதை எங்களுக்குத் தெரியாதே" என்றார்.

சிட்னியில் அந்தக் கப்பலின் மேற்றளத்தில் நின்று இதையெல்லாம் பேரனுக்குச் சொன்னேன். பீரங்கியைச் சுழற்றிப் பார்க்கும் அவசரத்தில் இருந்தவன், ஒரு கேள்வி மட்டும் கேட்டான்: வலை இழுத்தவர்கள் அன்றைக்கு மீனைக் கரைசேர்த்தார்களா? அதை நான் அந்த முதியவரிடம் கேட்கவில்லை.