ரிஸ்ம்: இசை மூலங்களின் பன்னாட்டுப் பட்டியல்

ரிஸ்ம் என்பது நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள், தேவாலயங்கள் ஆகியவற்றில் உள்ள இசைக் கையெழுத்துப்படிகளையும் பழைய அச்சுப்படிகளையும் ஓரிடத்தில் பதிவு செய்யும் கூட்டுப் பட்டியல். பிரெஞ்சுப் பெயரொன்றின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘ரிஸ்ம்’ ஆயின. பன்னாட்டு இசை நூலகச் சங்கமும் பன்னாட்டு இசையியல் கழகமும் 1952இல் இதைத் தொடங்கின.

இரண்டாம் உலகப்போர் ஐரோப்பாவின் இசைச் சேகரங்களைச் சிதறடித்திருந்த நேரம் அது. குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பெர்லின் அரசு நூலகம் சிலேசியாவுக்கு அனுப்பிய பாக், மொசார்ட், பேத்தோவன் கையெழுத்துப்படிகளில் பல இன்று போலந்தின் கிராக்கோவில், யாகியெல்லோனியன் நூலகத்தில் இருக்கின்றன.

எது எங்கே இருக்கிறது என்று அறிந்தால் மட்டும் போதாது. எது எது என்றும் தெரிய வேண்டும். ‘சிம்பனி, டி மேஜர்’ என்ற தலைப்பு எத்தனையோ படைப்புகளுக்குப் பொருந்தும். படியெடுத்தவர் இயற்றியவரின் பெயரை விட்டிருப்பார். பதிப்பாளர் விற்பனைக்காகப் புகழ்பெற்ற பெயரை இட்டிருப்பார். ஹைடன் பெயரில் வந்த ஓபஸ் 3 நால்வர் இசை, ரோமன் ஹாஃப்ஸ்டெட்டர் என்ற துறவியுடையது என்பதே இன்று பலரின் கருத்து.

பெயரை நம்ப முடியாதபோது இசையைத்தான் நம்ப வேண்டும். அதனால் பதிவுகளில் படைப்பின் தொடக்கச் சுரங்களும் சேர்க்கப்படுகின்றன. பேரி புரூக்கும் மர்ரே கூல்டும் 1964இல் வகுத்த ‘பிளெய்ன் அண்ட் ஈஸி’ முறையில் சுரத்துக்கு எழுத்து, கால அளவுக்கு எண். சாதாரணத் தட்டச்சிலேயே எழுதிவிடக்கூடிய இம்முறை கணினித் தேடலுக்கும் நன்கு பொருந்தியது. பெயரில்லாத ஏடு ஒன்றைக் கையில் வைத்திருக்கும் நூலகர் அதன் முதல் சுரங்களைத் தட்டினால், வேறொரு நாட்டில் பெயருடன் கிடக்கும் அதே படைப்பு திரைக்கு வரக்கூடும். எவ்வளவு பெரிய நூலகமானாலும் தனித்து நின்று இதைச் செய்ய இயலாது.

நாடுதோறும் உள்ள பணிக்குழுக்கள் ‘மஸ்கட்’ என்ற பொது மென்பொருளில் பதிவுகளை எழுதுகின்றன. பிராங்க்பர்ட்டிலுள்ள தலைமை அலுவலகம் அவற்றை ஒருங்கிணைக்கிறது. ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு குறியீடு உண்டு: ‘டி-பி’ என்றால் பெர்லின் அரசு நூலகம், ‘பிஎல்-கேஜே’ என்றால் கிராக்கோவின் யாகியெல்லோனியன் நூலகம்.

2010 முதல் இப்பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் உள்ளன. நூலகம் தன் ஏட்டை மின்படியாக வெளியிட்டிருந்தால் அதற்கான இணைப்பு பதிவிலேயே சேர்க்கப்படும். மின்படி இல்லாதபோதும், நூலகக் குறியீடும் அடுக்கு எண்ணும் எங்கே எழுதிக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.